கண்ணால பார்த்தியா?

போன மாதம் நாம் கூடியபோது பேச்சு எப்படியோ கடவுளிடம் போய் நின்றது. மூட்டு வலி, சர்க்கரை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு நம் வயதுக்காரர்கள் போய்ச் சேரும் இடம் அதுதானே. உங்களில் ஒருத்தி என் பக்கம் திரும்பி, "நீதான் பௌத்தக்காரர் வீட்டுப் பொண்ணாச்சே, நீ சொல்லு. படைச்சவன்னு ஒருத்தன் இருக்கானா? நம்பறதுக்கு அத்தாட்சி வேணுமா, வேணாமா?" என்று கேட்டாள். காபி ஆறிப்போகிறது என்று சொல்லி நான் சமாளித்துவிட்டேன். நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டில் ஓயாமல் அடிபட்ட கேள்வி அது. அதற்குப் பதில் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என்ன நடந்தது என்பதை வேண்டுமானால் சொல்கிறேன்.

மர்பி டவுனில் எங்கள் லைன் வீடு உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். ஓட்டுக் கூரை, ஒரு அறை, ஒரு சமையல் மூலை, பின்னால் துணி துவைக்கும் கல். அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் உபதேசியார் இருந்தார். மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பதும், சைக்கிளில் போய் நோயாளிகளைப் பார்ப்பதும் அவர் வேலை. அவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் நைனா, அம்மா, அண்ணன், நான். அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது பெரியவன். பட்டாளத்தில் லாரி ஓட்டினான்.

நைனாவுக்குத் தண்ணீர்க் குழாய் இலாகாவில் வேலை. ரோட்டுக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பவர் அவர். அதற்கென்று ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி வைத்திருந்தார். ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். தெருவே அடங்கி அவரைப் பார்க்கும். "இங்கே தோண்டு" என்பார். தோண்டினால் தண்ணீர் இருக்கும். ஒருமுறை என் காதிலும் அந்தக் கம்பியை வைத்தார். சில்லென்று இருந்தது. உள்ளே யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

நைனாவின் அப்பா காலத்திலிருந்தே எங்கள் குடும்பம் பௌத்தம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் போவோம். வீட்டில் ஒரே ஒரு புத்தர் படம், அதன் முன்னால் ஒரு விளக்கு. வேலூர்ப் பக்கத்தில் பிறந்த அம்மா, கல்யாணத்துக்கு முன்னால் எல்லாச் சாமியையும் கும்பிட்டவள். இங்கே வந்த பிறகு வாயைத் திறந்து எதையும் கும்பிடுவதில்லை.

சாயங்காலம் ஆனால் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் நைனாவும் உபதேசியாரும் வந்து நிற்பார்கள். நைனா பீடி பிடிப்பார். உபதேசியார் மூக்குப்பொடி போடுவார். பேச்சு கரண்டு, மழை என்று எங்கே தொடங்கினாலும் அரை மணியில் அங்கேதான் போய் முடியும்.

"இந்த லைன் வீட்டைக் கட்டினவனை நீ பார்த்தியா, மேஸ்திரி?" என்று உபதேசியார் ஒருநாள் நைனாவிடம் கேட்டார். "வெள்ளைக்காரன் கட்டினான், போயிட்டான். ஆள் இல்லேங்கறதுக்காக வீட்டை யாரும் கட்டலைன்னு சொல்லுவியா?"

"சொல்லமாட்டேன். கட்டினான், போயிட்டான். ஓடு ஒழுகுதுன்னு அவனைக் கூப்பிட்டா வருவானா? நான்தான் ஏணி போட்டு ஏறறேன். போனவனை எதுக்குத் தினம் முட்டி போட்டுக் கூப்பிடறே?"

"உன் குழாயில வர்ற தண்ணி எங்கேயோ ஏரியிலருந்து வருது. ஏரியை இந்தத் தெருவுல எத்தனை பேர் பார்த்திருக்காங்க? பார்க்காமலேதானே குடிக்கிறாங்க?"

"பார்க்கணும்னா பஸ் ஏறிப் போய்ப் பார்க்கலாம். உன் சாமிக்கு எந்த பஸ்ஸுன்னு சொல்லு, நானும் வர்றேன்."

உபதேசியார் சிரித்துவிடுவார். அவர் ஏதாவது ஓர் அற்புதத்தைச் சொன்னால் நைனா கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கண்ணால பார்த்தியா?" இல்லை என்பார் உபதேசியார். "அப்போ யார் பார்த்தாங்க? அவங்க எங்கே?" என்று அடுத்தது வரும். நைனாவின் இலாகாவில் ஒரு கன்னடக்காரர் இருந்தார், எதைக் கேட்டாலும் "கொத்தில்லா", தெரியாது, என்பார். "அந்த ஆளைப் பார்த்துக் கத்துக்கோ, உபதேசியாரே. உலகத்தை யார் படைச்சதுன்னு கேட்டா கொத்தில்லா. அதான் யோக்கியமான பதில்" என்பார் நைனா.

"தெரியாதுன்னு சொல்லிட்டு மனுஷன் எப்படிக் காலையில எழுந்திருப்பான்?"

"சங்கு ஊதினா எழுந்திருப்பான்."

இது சண்டை இல்லை. நைனாவுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி அந்தச் சுவரைத் தாண்டித்தான் வரும். உபதேசியாரின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது நைனா. பதினைந்து வருஷமாக அப்படித்தான்.

அந்த வருஷம் ஆவணியில் அண்ணன் லீவில் வந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் டீசலும் பூட் பாலிஷும் கலந்த வாசனை வரும். எனக்குத் தகர டப்பாவில் மிட்டாய் கொண்டுவந்திருந்தான். மிட்டாய் தீர்ந்த பிறகும் டப்பாவை முகர்ந்துகொண்டே இருப்பேன். மலை மேலே போட்டிருக்கிறார்கள், குளிர் அதிகம் என்று மட்டும் சொன்னான்.

கிளம்புகிற அன்று மத்தியானம் நைனா வேலைக்குப் போயிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் சுவரண்டை நின்று உபதேசியாரைக் கூப்பிட்டான்.

"ஒரு மாதா சுரூபம் இருந்தா கொடுங்க."

சட்டைப் பொத்தான் அளவில் மாதா உருவம் பொறித்து, கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்களே, அதைத்தான் கேட்டான். உபதேசியார் உடனே கொடுத்துவிடவில்லை.

"உங்க நைனாவுக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம். அவர் சொல்றதெல்லாம் சரிதான். ஆனா மேலே போனா வாதம் பண்ண ஆள் இருக்கமாட்டாங்க. கையில பிடிச்சுக்க ஏதாவது வேணும்."

உபதேசியார் உள்ளே போய், தன் ஜெபமாலைப் பையிலிருந்து ஓர் அலுமினியச் சுரூபத்தை எடுத்துவந்தார். அண்ணன் அதை வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, வாயில் விரல் வைத்துக் காட்டினான். அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் அதே சுவரண்டை வாதம் நடந்தது. 'உன் மகனே என்னிடம் கேட்டு வாங்கினான்' என்று உபதேசியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நைனா வாயடைத்துப் போயிருப்பார். அவர் சொல்லவில்லை.

தீபாவளி நெருங்கும்போது சீனச் சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நின்றது. பள்ளியில் எங்களுக்குக் கம்பளி நூல் கொடுத்து ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னச் சொன்னார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் ஒரு கை மட்டும் பின்னினேன். அதுவும் கோணல். டீச்சர் அதைப் பிரித்துவிட்டு வேறொருத்தியிடம் கொடுத்தார். அண்ணன் கடிதம் வருவது நின்றது. மார்கழிப் பனியில் ஒருநாள் காலை தந்தி வந்தது.

இங்கிலீஷ் தந்தி. நைனா வாங்கி நேரே உபதேசியாரிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்தார்.

"மிஸ்ஸிங்னு போட்டிருக்கு. காணலையாம்."

"செத்துட்டான்னு போடலையே?"

"போடலே."

"அப்போ காணலே. அவ்வளவுதான்."

அம்மா அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "புள்ளை போயிட்டான்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வயிறு சொல்லுது."

"வயிறு சாட்சி சொல்லாது" என்றார் நைனா.

எங்களில் ஒருவர் இறந்துபோனால் பிக்குவை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுவோம். பிறகு வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஒரு செம்பைப் பிடித்து, கிண்ணத்தில் தண்ணீர் வார்ப்போம். கிண்ணம் நிறைந்து வழியும்வரை வார்க்க வேண்டும். நாம் செய்த நல்லதெல்லாம் போனவனுக்குப் போய்ச் சேரட்டும் என்று அர்த்தம். அம்மா அதைத்தான் கேட்டாள். தை பிறந்ததிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டாள். நைனா ஒரே பதில்தான் சொன்னார்.

"உசிரோட இருக்கிறவனுக்கு எவனாவது தண்ணி வார்ப்பானா?"

இதை இப்போது நினைத்தால் எனக்கு விசித்திரமாக இருக்கிறது. கடவுளுக்கு அத்தாட்சி கேட்டவர், மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை. செத்தான் என்பதற்குத்தான் கேட்டார். பத்து வயதில் எனக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று மட்டும்தான் நினைத்தேன்.

தை மாதக் கடைசியில் ஒரு பையன் வந்தான். கோலார்ப் பக்கத்துக்காரன், அண்ணனோடு ஒரே லாரியில் இருந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தான். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். அம்மா அவனுக்குப் பாய் விரித்துக் கையில் டீ கொடுத்தாள். அவன் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"உங்க புள்ளை போயிட்டான், ஐயா."

நைனா அவன் எதிரில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீ கண்ணால பார்த்தியா?"

"மூணு நாள் பனியில நடந்தோம், ஐயா. யார் முகமும் தெரியலே. சாப்பாடு இல்லே. அவனுக்கு மூச்சு இழுத்துது. ஒரு பாறை ஓரமா உக்காந்துட்டான்."

"உக்காந்தான். சரி. அப்புறம்?"

"அப்புறம்... நாங்க கிளம்பிட்டோம்."

"நீ கிளம்பறப்ப அவனுக்கு மூச்சு இருந்துதா, இல்லையா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "இருந்துது."

"பனியில யார் முகமும் தெரியலைன்னு இப்போதானே சொன்னே? உனக்குப் பின்னாடி வேற ஆளுங்க வந்தாங்களா?"

"வந்திருப்பாங்க."

"அவங்க தூக்கிட்டுப் போயிருக்கலாம். இல்லே, சீனாக்காரன் பிடிச்சிருக்கலாம். பிடிச்சவங்களை வச்சிருக்கானாமே?"

"வச்சிருக்கான்னுதான் சொல்றாங்க, ஐயா."

"பின்னே எப்படிப்பா போயிட்டான்னு சொல்றே?"

அவன் கையில் டீ ஆடை கட்டிவிட்டது. நைனா எழுந்து அவன் தோளில் கை வைத்து, "பேஜார் பண்ணிக்காதே. நீ பயந்துபோயிருக்கே" என்றார். அம்மா என்னிடம், "இந்த அண்ணனை பஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போய் விடு" என்றாள்.

ஏரிக்கரை வழியாகப் போனோம். பாதி தூரத்தில் கால் வலிக்கிறது என்று ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்தான். ஏரியில் வண்ணான்கள் துணி அடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பா, உங்க நைனாகிட்ட நான் முழுசாச் சொல்லலே" என்றான்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எல்லாரும் கிளம்பிட்டாங்க. நான் போகலே. அவன் பக்கத்துலயே இருந்தேன். விடியறப்ப மூச்சு நின்னுடுச்சு. மூக்குல கை வச்சுப் பார்த்தேன், நெஞ்சுல காது வச்சுப் பார்த்தேன்."

"அதை ஏன் நைனாகிட்ட சொல்லலே?"

அவன் காலை நீட்டிக் காட்டினான். "எனக்கு கான்வாஸ் ஷூ. கிழிஞ்சுபோச்சு. அவன் கால்ல தோல் பூட்ஸ் இருந்துது. நான் கழட்டிப் போட்டுக்கிட்டேன், பாப்பா. அதுல நடந்துதான் உசிரோட வந்தேன். பெத்தவர்கிட்ட அதை எந்த வாயால சொல்லட்டும்?"

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தச் சுரூபத்தை எடுத்தான். கயிறு கருத்திருந்தது. "இதை அவனே கழட்டிக் கொடுத்தான். 'தங்கச்சிகிட்ட கொடு, நைனா பார்த்தா சண்டைக்கு வருவாரு'ன்னு சிரிச்சான்."

"சாமி கும்பிட்டானா?"

"கும்பிட்டானான்னு தெரியாது. கையில பிடிச்சுக்கிட்டு இருந்தான்."

பஸ் ஏறும்போது அவன் என் தலையில் கை வைத்தான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் கோயில் வளாகத்துக்குப் போய், உபதேசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞானோபதேச வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பூட்ஸ் பற்றியும் சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. "சுரூபம் எங்கேம்மா?" என்றார். வீட்டில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். அதை நான் என் பள்ளிக்கூடப் பாவாடையின் அடிமடிப்பைப் பிரித்து, உள்ளே வைத்து, மறுபடி தைத்திருந்தேன். வேறு எங்கே வைத்தாலும் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயம். அவர் காட்டு என்று கேட்கவில்லை.

"இப்போ சொல்ல வேணாம். உங்க நைனா கொஞ்சம் தேறட்டும். அப்புறம் நானே சொல்றேன்" என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பெரியவர்கள் தவறு செய்யமாட்டார்கள் என்று நினைக்கும் வயது எனக்கு. பாரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் வார்க்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

நைனா தேறவில்லை. சித்திரை வாக்கில், சீனாக்காரன் பிடித்துவைத்தவர்களைத் திருப்பி அனுப்புகிறான் என்று ரேடியோவில் சொன்னார்கள். அன்றிலிருந்து வேலை விட்டதும் நைனா கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தார். மதராஸிலிருந்து வரும் ரயில் நின்றதும் பெட்டி பெட்டியாகப் பார்ப்பார். பட்டாள உடுப்பில் யார் இறங்கினாலும் கிட்டப் போய் முகத்தைப் பார்ப்பார். சில நாள் என்னையும் கூட்டிப்போனார். எனக்கு நிலக்கடலை வாங்கிக் கொடுப்பார். ரயில் காலியான பிறகும் பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்துவிட்டு வருவார். "நாளைக்கு இருக்கும்" என்பார். பள்ளி லீவு விட்ட பிறகும் நான் அதே பாவாடையைத்தான் கட்டிக்கொண்டேன். மடிப்பில் அந்தச் சுரூபம் என் காலில் தட்டிக்கொண்டே வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஸ்டேஷனிலிருந்து திரும்பியபோது உபதேசியார் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். சுவரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக அவர் வந்ததே அபூர்வம். அம்மா அடுப்பண்டை நின்றிருந்தாள்.

"மேஸ்திரி, உக்காரு. நீ ஸ்டேஷனுக்குப் போறதை என்னால பார்க்க முடியலே. உன் புள்ளை வரமாட்டான்."

"யார் சொன்னா?"

"கூட இருந்த பையன் கையிலேயே அவன் உசிரு போச்சு. உன்கிட்ட சொல்ல முடியாம மறைச்சுட்டான்."

"உன்கிட்ட வந்து சொன்னானா?"

உபதேசியார் என்னைப் பார்க்காமல் சொன்னார். "என்கிட்ட இல்லே. போறப்ப புள்ளை கையில மாதா சுரூபம் இருந்துது. நான் கொடுத்தது. லீவுல வந்தப்ப அவனே கேட்டு வாங்கினான்."

சுரூப விஷயத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னால் முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருப்பார். நைனாவின் முகம் கறுத்தது.

"அதானே பார்த்தேன். பதினஞ்சு வருஷமா உன்னால முடியாததை, என் புள்ளை சாவை வச்சு ஜெயிக்கப் பார்க்கறே."

"அப்படி இல்லே, மேஸ்திரி."

"கண்ணால பார்த்தியா? அவன் செத்ததைப் பார்த்தியா? அந்தப் பையன் சொன்னதைக் காதால கேட்டியா? சுரூபத்தையாவது பார்த்தியா?"

"பார்க்கலே. உன் பொண்ணு சொல்லிச்சு. எனக்கு அது போதும்."

நைனா என் பக்கம் திரும்பினார். "சொன்னியாம்மா?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஸ்டேஷனில் காலியான பெட்டிகளைப் பார்ப்பாரே, அந்த முகத்தோடு கேட்டார். மடிப்பைப் பிரித்தால் போதும். இரண்டு தையல்தான்.

"இல்லே, நைனா" என்றேன்.

உபதேசியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. அதுதான் இத்தனை வருஷமாக என்னைத் தின்கிறது. மெதுவாக எழுந்து, "புள்ளையை ஒண்ணும் கேக்காதே, மேஸ்திரி. நான்தான் ஏதோ தப்பா நினைச்சுக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அதோடு சுவரண்டைப் பேச்சு நின்றது. நைனா பீடியை வாசல் பக்கம் பிடிக்க ஆரம்பித்தார். ஒரு மாதத்துக்குள் கோயிலில் உபதேசியாரை லிங்கராஜபுரத்துக்கு மாற்றினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றியபோது அம்மா போய் ஒத்தாசை செய்தாள். நைனா வேலைக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால், பாவாடை குட்டையாகிவிட்டது என்று அம்மா அடிமடிப்பைப் பிரித்தாள். சுரூபம் தரையில் விழுந்தது. அவள் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரொம்பக் குளிருச்சுன்னு சொன்னானா?"

"அது அவன் சொல்லலேம்மா."

அவள் ஊசியை எடுத்துப் பாவாடையைத் தைத்து முடித்தாள். பிறகு, "நைனாகிட்ட சொல்லாதே. அந்த மனுஷன் நடமாடறதே அதை வச்சுத்தான்" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும், தெருமுனைக் குழாயில் ஆள் இல்லாத நேரம். ஒரு செம்பை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனாள். செம்பைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்தாள். நிறைந்தது. வழிந்தது. அவள் எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துச் செம்பின் விளிம்பைத் தொடவைத்தாள், தன் கையையும் வைத்தாள். தண்ணீர் எங்கள் விரல்மேல் வழிந்து, கல்லில் இறங்கி, சாக்கடைக்குப் போனது. அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது ரோட்டின் அந்தப் பக்கம் நைனா நின்றிருந்தார். தோளில் கம்பி. அந்தப் பக்கமாக வேலைக்கு வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சொட்டுத் தண்ணீர் வீணானாலும் தெருவே கேட்கும்படி திட்டுகிற மனிதர். செம்பையும் எங்கள் கைகளையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி, வந்த வழியே நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் ஸ்டேஷனுக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அண்ணன் இறந்தான் என்று கடைசிவரை வாயால் சொல்லவுமில்லை. இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்று பட்டாளத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. கையெழுத்துப் போடாமல் பெட்டியில் வைத்துவிட்டார். சங்கத்தில் யாராவது கடவுளைப் பற்றி வாதத்துக்கு இழுத்தால், "கொத்தில்லா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. சுரூபத்தை அம்மா புளிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தாள். அடுகோடிக்கு வீடு மாறியபோது அந்தப் பானை உடைந்தது. அதோடு சுரூபமும் எங்கேயோ போய்விட்டது. நான் சொல்கிற இந்தக் கதைக்கு இன்றைக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

எனக்குப் பதினாறு வயதில் நைனா நெஞ்சுவலியில் போனார். பிக்கு வந்தார். அம்மாவும் நானும் செம்பைப் பிடித்துத் தண்ணீர் வார்த்தோம். அந்த ஐப்பசியில் நான் லிங்கராஜபுரத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி, ரயில் கேட்டைத் தாண்டி, கேட்டுக் கேட்டுப் போனேன். உபதேசியாரிடம், 'நான் அன்றைக்குச் சொன்னது பொய்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் வீட்டம்மாதான் கதவைத் திறந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. மேஸ்திரி மகள் என்றதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். நைனா போன செய்தியைச் சொன்னேன்.

"உங்க அண்ணன் பேரை எங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் கல்லறைத் திருநாள் பூசைக்குக் கொடுப்பார்" என்றார். "நான் சண்டை போடுவேன். அந்தப் புள்ளை செத்துட்டான்னு பெத்தவரே ஒத்துக்கலே, நீங்க எப்படிச் செத்தவங்களோட சேர்த்துப் பேர் கொடுக்கறீங்கன்னு கேப்பேன்."

"அதுக்கு என்ன சொல்வார்?"

"ஒரு சின்னப் புள்ளை என்கிட்ட சொல்லிச்சு, அது பொய் சொல்லாதுன்னு சொல்வார்."

"நான்தான் அன்னைக்கு, சொல்லலேன்னு..." என்று தொடங்கினேன்.

"தெரியும்மா. அதையும் சொல்லியிருக்கார். பாவம், அப்பனைப் பார்த்துப் பயந்துடுச்சுன்னார்."

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நேரம். அவர் எழுந்து ஒரு காகிதமும் பென்சிலும் கொண்டுவந்தார். மேலே உபதேசியாரின் பெயர் எழுதியிருந்தது. "எனக்குக் கண் சரியாத் தெரியலே, நீயே எழுது" என்று என்னிடம் நீட்டினார். "உங்க நைனா பேரையும் எழுதும்மா. கோவிச்சுக்கமாட்டார்" என்றார்.

நைனா பெயரை நான் எழுதவில்லை. அவருக்கு அது பிடித்திருக்காது. அண்ணன் பெயரை மட்டும் எழுதினேன். இறந்தவர்கள் வரிசையில் அவன் பெயரை எங்கள் வீட்டார் ஒருவர் கைப்பட எழுதியது அன்றைக்குத்தான். பென்சில் முனை மழுங்கியிருந்தது. சரியாகப் பதியவில்லை என்று அதன்மேலேயே இன்னொரு தடவை எழுதினேன்.